சாரி-கென் ஊரின் கடைசி நோயாளி

எங்கள் ஊரில் இரண்டு மருத்துவமனைகள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அவற்றைக் கவனிக்க மாகாணத்தில் ஒரே ஒரு குமாஸ்தா இருந்தார். இரண்டையும் இழுத்து மூடிய பிறகு அவற்றைக் கவனிக்க ஓர் இயக்குநரகமே வந்து இறங்கிவிட்டது. முன்னாள் மருத்துவமனைகள் நினைவு இயக்குநரகம் என்று பெயர். பழைய சுரங்க மருத்துவமனைக் கட்டடத்தில்தான் அதை வைத்தார்கள். காய்ச்சல் வார்டில் கணக்குப் பிரிவு, எலும்பு முறிவு வார்டில் விருந்தோம்பல் பிரிவு, பிணவறையில் இயக்குநரின் அறை. கோடையில் அந்த அறை ஒன்றுதான் குளுகுளுவென்று இருக்கும்.

என் பெயர் கால்முராத். விருந்துகளில் இறைச்சி பிரித்துக் கொடுப்பது என் வேலை. சாதாரண வேலை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் கிர்கிஸ் விருந்தில் ஒவ்வோர் எலும்புக்கும் ஒரு மரியாதை உண்டு. ஆட்டுத் தலை முதல் விருந்தாளிக்கு, தொடை எலும்பு பெரியவர்களுக்கு, வால் கொழுப்போடு கூடிய பின்பகுதி மூத்த பெண்மணிக்கு. எலும்பு கை மாறிப் போனால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. இயக்குநரகம் வாரத்துக்கு ஒரு நினைவு விருந்து வைத்ததால் எனக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. மருத்துவமனை இருந்தபோது நோயாளிக்குக் கஞ்சி கிடைக்கவில்லை. இப்போது மருத்துவமனையின் நினைவுக்கு வாரம் ஓர் ஆடு விழுந்தது. வயிற்றெரிச்சலைச் சொல்லி என்ன பயன், வெட்டிக் கொடுத்தேன்.

இந்தக் கதை என் தங்கை புருஷன் ஒரோஸ்பையைப் பற்றியது. உருளைக்கிழங்கு பயிரிட்டுப் பிழைக்கிறவன். பேசச் சொன்னால் தொப்பியைக் கழற்றிப் பார்ப்பான், வார்த்தை அதற்குள் இருக்கிறதோ என்று. அவன் வயிற்றில்தான் எங்கள் ஊரின் சரித்திரம் முழுவதும் இருக்கிறது. மருத்துவமனைகளை மூடிய அன்று அவனுக்குக் குடல்வால் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. சுரங்க மருத்துவமனையின் தலைமை மருத்துவர் சாகினாலி வயிற்றைத் திறந்து, குடல்வாலை எடுத்து வெளியே போட்ட நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டார்கள். மேலிடத்து உத்தரவு. திறந்த வயிற்றில் துணியைப் போர்த்தி, சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த கூட்டுப்பண்ணை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே தலைமை மருத்துவர் சூரா அம்மா தைத்தார். கடைசி முடிச்சுப் போட்டபோது அங்கேயும் கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஆக, ஊரின் கடைசி நோயாளி அவன்தான். எந்த மருத்துவமனையின் கடைசி நோயாளி என்பதுதான் வழக்கு. "வெட்டினது நான்" என்பார் சாகினாலி. "தைக்கலேன்னா அது வைத்தியம் இல்ல, கொலை" என்பார் சூரா அம்மா. இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. ரொட்டிக் கடையில் சந்தித்தால்கூட ஊன்றுகோலால்தான் வணக்கம் சொல்லிக்கொள்வார்கள்.

ஒரு நாள் இயக்குநர் இஷென்பை என் மாப்பிள்ளை வீட்டுக்கே வந்துவிட்டார். முன்பு கால்நடைத் துறையில் கிடங்குப் பொறுப்பாளராக இருந்தவர். உட்கார்ந்ததும் என் தங்கை பூருலின் வயிற்றைப் பார்த்தார். அவளுக்கு அப்போது எட்டாம் மாதம்.

"ஒரோஸ்பை தம்பி, இலையுதிர்காலத் திருவிழாவுக்குத் தலைநகர்லேருந்து ஆலோசகர் வர்றார். ஒரு கடைசி நோயாளி இல்லாம நினைவு இயக்குநரகம் நடத்துறது, பொண்ணு இல்லாம கல்யாணம் நடத்துற மாதிரி. நீ வந்து கோடு போட்ட ஆஸ்பத்திரி உடுப்பைப் போட்டுக்கிட்டுப் படுத்தாப் போதும். நடுநடுவுல முனகணும்."

ஒரோஸ்பை தொப்பியைக் கழற்றினான். தொப்பிக்குள் பார்த்தான். "ஐயா, அந்த ஆம்புலன்ஸு..." என்றான்.

அதுதான் விஷயம். இயக்குநரக முற்றத்தில், சிவப்புக் கயிறு கட்டி, மெருகு போட்டு ஓர் ஆம்புலன்ஸ் நின்றது. 'அரிய காட்சிப் பொருள், தொடாதீர்' என்று பலகை. இப்போது எங்களுக்கு அருகில் இருக்கும் மருத்துவமனை கணவாய்க்கு அந்தப் பக்கம். போன குளிர்காலத்தில் பூருலுக்கு வலி கண்டபோது நிலக்கரி லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். கணவாய்க்குக் கீழே ஒற்றைப் பாறை வளைவில் லாரி பனியில் மாட்டிக்கொண்டது. அங்கேயே பிறந்தது. குளிரில் அங்கேயே போய்விட்டது. பெண் குழந்தை. என் தங்கை அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு விடியும் வரை யாரிடமும் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரோஸ்பையின் தலைக்குள் வேறெதுவும் இல்லை. சூடேற்றும் கருவியும் படுக்கையும் உள்ள அந்த ஆம்புலன்ஸ் மட்டும்தான்.

"அட, அதுக்கென்ன!" என்றார் இஷென்பை. "விழா நல்லபடியா முடியட்டும். உன் பொண்டாட்டிக்கு நேரம் வந்ததும் வண்டி வாசல்ல நிக்கும். ஆண்பிள்ளை வாக்கு."

"எழுந்து போனதும் வாக்கும் கூடவே போயிடும்" என்றாள் பூருல், அவர் வாசலைத் தாண்டும் முன்பே.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஆனாலும் ஒரோஸ்பை போனான். ஒத்திகை என்ற பெயரில் தினமும் அவனைப் பழைய அறுவைச் சிகிச்சை மேசையில் படுக்க வைத்தார்கள். முனகல் பிரிவுக்கென்று ஓர் அதிகாரி இருந்தார். "தம்பி, இது பசி முனகல். எனக்கு வலி முனகல் வேணும்" என்று ஒரு குத்தூசியால் தொடையில் குத்திப் பார்த்தார். குத்திய இடம் பழுத்துவிட்டது. மருந்து போடலாமா என்று கேட்டபோது, அலமாரியில் இருந்த மருந்துகளெல்லாம் காட்சிப் பொருள்கள் என்றும், பஞ்சும்கூட வரலாற்றுச் சிறப்புமிக்கது என்றும் தெரிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்து அவன் தழும்பைக் குச்சியால் சுட்டிக்காட்டிப் பாடம் நடத்தினார்கள். ஒரு பையன் நிஜமாகவே குச்சியை அழுத்திவிட்டான். அப்போது வந்த முனகல் மிகச் சிறப்பாக இருந்ததாக அந்த அதிகாரி பாராட்டினார்.

விழா நாள் வந்தது. மலை உச்சியில் முதல் பனி விழுந்துவிட்டது. இயக்குநரகத்தை ஒட்டிய மைதானத்தில் கம்பளிக் கூடாரங்கள், புளித்த குதிரைப்பாலான குமிஸ் நிறைந்த பீப்பாய்கள், கொதிக்கும் அண்டாக்கள். ஒரு பக்கம் சுரங்கத்துப் பையன்கள், இன்னொரு பக்கம் பண்ணைப் பையன்கள், எல்லோரும் குதிரையில். மாலையில் இரண்டு மருத்துவமனைகளின் பெயரால் கோக்-போரு ஆட்டம் என்று ஏற்பாடு. தலை வெட்டிய ஆட்டுக்கடாவைக் குதிரையில் இருந்தபடியே பிடுங்கிக்கொண்டு போய், எதிராளியின் மண் தொட்டியில் போட வேண்டும். கை கால் முறியாமல் அந்த ஆட்டம் முடிந்ததாக எங்கள் ஊரில் யாருக்கும் நினைவில்லை. மருத்துவமனை இல்லாத ஊரில் மருத்துவமனையின் பெயரால் இதை நடத்த ஒரு மூளை வேண்டும். அந்த மூளை இயக்குநரகத்தில் இருந்தது.

முதலில் மௌன அஞ்சலி. மூடப்பட்ட ஒவ்வொரு கட்டிலுக்கும் தனித்தனியாக. குழந்தைகள் வார்டின் கட்டில்களுக்கு வந்தபோது ஒரு குதிரை கனைத்தது. அதற்குச் சவுக்கடி விழுந்தது. பிறகு ஆலோசகர் எழுந்து பேசினார். கழுத்தில்லாத மனிதர்.

"பெரியோர்களே! புள்ளிவிவரம் பொய் சொல்லாது. இந்த இரண்டு மருத்துவமனைகளும் இயங்கிய காலத்தில் ஆண்டுதோறும் அங்கே மரணங்கள் நிகழ்ந்தன. மூடிய பிறகு இந்தக் கட்டடங்களில் ஒரு மரணம்கூட நிகழவில்லை. ஒன்றுகூட இல்லை! உலகில் எந்த மருத்துவமனை இப்படி மார்தட்ட முடியும்?"

கை தட்டினார்கள். ஒரோஸ்பை, கோடு போட்ட உடுப்பில் மேசை மேல் படுத்திருந்தவன், தலையைத் தூக்கி, "ஐயா, இப்ப ஜனங்க கணவாயில சாகுறாங்களே?" என்று கேட்டான்.

"அது சாலைத் துறை" என்றார் ஆலோசகர்.

விருந்து ஆரம்பித்தது. நான் இரண்டு ஆடு அறுத்திருந்தேன். ஒரு தலை ஆலோசகருக்கு. இரண்டாவது தலையை வழக்கப்படி வயதில் மூத்த சாகினாலிக்கு வைத்தேன். சூரா அம்மாவுக்கு, கொழுகொழுவென்று வால் தொங்கும் பின்பகுதி. பெண்களுக்கு அதைவிட மரியாதை எங்கள் நாட்டில் கிடையாது. அந்த அம்மா தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்னடா இது கால்முராத்?"

"உங்களுக்கு உரியதுதாம்மா."

"நான் இங்க பொம்பளையா வரலடா. ஆஸ்பத்திரியா வந்திருக்கேன்! அவன் ஆஸ்பத்திரிக்குத் தலை, என் ஆஸ்பத்திரிக்கு வாலா?"

சாகினாலி அதற்குள் தலையின் காதை அறுத்துக் கையில் வைத்திருந்தார். தலை வாங்கியவர் காதை அறுத்துப் பக்கத்தில் இருக்கிற குழந்தைக்குக் கொடுக்க வேண்டும். பிள்ளை பெரியவர் பேச்சைக் கேட்டு வளரும் என்பது நம்பிக்கை. அவர் அந்தக் காதைச் சூரா அம்மாவிடம் நீட்டி, "இந்தா, நீ சாப்பிடு. அப்பவாவது சொன்னா கேக்குறியா பார்ப்போம்" என்றார்.

சூரா அம்மா பக்கத்துத் தட்டிலிருந்த தொடை எலும்பை எடுத்து வீசினார். குறி சாகினாலிதான். அவர் குனிந்துகொண்டார். எலும்பு பறந்துபோய் விருந்தோம்பல் பிரிவுத் தலைவரின் பல்லில் பட்டது. அதற்கப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று கேட்டால் எனக்கும் தெரியாது. வெள்ளைக் கோட்டு போட்ட கிழவர்கள் கரண்டியோடு எழுந்தார்கள். பழைய செவிலியர்கள் ஒருவர் பின்னலை ஒருவர் முஷ்டியில் சுற்றிக்கொண்டு இழுத்தார்கள். கண் மருத்துவர் ஒருவரின் கண்ணில் மிளகாய் விழுதை அப்பினார்கள். சாகினாலி ஒரோஸ்பையின் வலக்கையைப் பிடித்து, "இவன் என் நோயாளி!" என்று இழுத்தார். சூரா அம்மா இடக்கையைப் பிடித்து, "என் தையல்டா அது!" என்று இழுத்தார். அவன் நடுவில் நின்று, இப்போது முனக வேண்டுமா வேண்டாமா என்று அதிகாரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆலோசகர் மேசை மீது ஏறினார். "அமைதி! இதை அதிகாரம் தீர்மானிக்கக் கூடாது, மக்கள் தீர்மானிக்கட்டும்! நம் முன்னோர் விட்டுச் சென்ற வீர விளையாட்டு இருக்கிறது. ஆட்டத்தில் வெல்கிற அணிக்கே கடைசி நோயாளி!"

அவர் சொன்னது வேறு, குதிரையில் இருந்த பையன்கள் புரிந்துகொண்டது வேறு. சுரங்கத்துப் பையன் ஒருவன் பாய்ந்து வந்து ஒரோஸ்பையின் இடுப்பைப் பிடித்து அப்படியே சேணத்தின் மீது குறுக்கே போட்டுக்கொண்டான். ஆட்டுக்கடா ஒரு பக்கம் அநாதையாகக் கிடந்தது. பண்ணைப் பையன்கள் விடுவார்களா? துரத்திக்கொண்டு போய் அவன் காலைப் பிடித்தார்கள். இந்தப் பக்கம் கை, அந்தப் பக்கம் கால், நடுவில் குதிரைகள் ஒன்றையொன்று மார்பால் முட்டின. சவுக்குகள் விளாசின. ஒரோஸ்பையின் தோள் கழன்ற சத்தம் எனக்குக் கேட்டது. மூட்டைப் பிரிக்கிற தொழில் செய்கிறவன் காதுக்கு அது தப்பாது.

"டேய், அவன் மனுஷன்டா! விடுங்கடா பாவிகளா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

"ஓரமாப் போ அண்ணே, கோல் விழப்போவுது!" என்றான் ஒருவன்.

விழுந்தது. தலைகீழாக மண் தொட்டிக்குள். அவன் மேல் இரண்டு பையன்களும் ஒரு குதிரையும் விழுந்தார்கள். இயக்குநரகத்தின் ஒலிபெருக்கி, "சுரங்க மருத்துவமனை ஒன்று, கூட்டுப்பண்ணை மருத்துவமனை பூஜ்யம்" என்று அறிவித்தது. செல்லாது என்று பண்ணைக் கூட்டம் வேலியைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. நான் மாப்பிள்ளையைத் தொட்டியிலிருந்து இழுத்து எடுத்தேன். தோள் தொங்கியது, இரண்டு பல் இல்லை, மூச்சு விடும்போது விலாவில் ஏதோ கடகடத்தது.

"மச்சான்," என்றான், வாயில் ரத்தத்தோடு. "விழா நல்லபடியா முடிஞ்ச மாதிரிதானே? வண்டி குடுப்பாங்கல்ல?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து பூருலின் குரல் கேட்டது.

"அண்ணே. பனிக்குடம் ஒடஞ்சிருச்சு."

பாவாடை நனைந்திருந்தது. முகம் வெளுத்திருந்தது. இயக்குநரிடம் ஓடினோம். அவர் ஓர் அண்டாவுக்குப் பின்னால் மறைந்து உட்கார்ந்திருந்தார்.

"சாவியைக் குடுங்க ஐயா" என்றேன்.

"தம்பி, காட்சிப் பொருளை இடம் மாத்தணும்னா ஆணையம் கூடணும். வர்ற வசந்தத்துல கூடும். அதுவும் போக, பதினோரு வருஷமா ஓடாத எஞ்சின். அதை எழுப்பவே முடியாது."

"பக்கத்துல நீங்க இருக்கிற இந்தக் கட்டடத்துலயாவது ஒரு கட்டில் குடுங்க, அவ படுக்கட்டும்."

அப்போது அந்த மனிதர் உண்மையைப் பேசினார். பயத்தில்தான் அதிகாரிக்கு உண்மை வரும் போலிருக்கிறது. "கொஞ்சம் யோசிச்சுப் பாருப்பா. இது முன்னாள் ஆஸ்பத்திரி. உள்ளே ஒரு குழந்தை பிறந்துச்சுன்னா இது ஆஸ்பத்திரி ஆயிடும். ஆஸ்பத்திரி ஆயிட்டா முன்னாள் இல்ல. முன்னாள் இல்லேன்னா நாங்க எதுக்கு? இத்தனை குடும்பம் தெருவுக்கு வந்துடும். ஒரு குழந்தைக்காகவா?"

இதைச் சொல்லி முடிக்கவும், எங்கிருந்தோ வந்த வேலிக்கட்டை ஒன்று ஆலோசகரின் நெற்றியில் விழுந்தது. விழுந்தது ஒன்றும் பெரிய அடியில்லை, ஒரு முட்டை அளவு வீக்கம்தான். இயக்குநர் அண்டாவுக்குப் பின்னாலிருந்து துள்ளி எழுந்தார். "வண்டியை எடு! ஐயாவுக்கு அடிபட்டிருச்சு! உடனே எடு!" சாவி பறந்தது. ஓட்டுநர் ஓடினான். பதினோரு வருஷமாக ஓடாத எஞ்சின் ஒரே திருகலில் பாட்டுப் பாடியது. சும்மாவா? கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து ஆட்டு மயிரும் புழுக்கையும் கொட்டின. வாராவாரம் விருந்துக்கு ஆடு வந்த வண்டி அதுதான்.

ஆலோசகரைத் தூக்கிப் படுக்கையில் கிடத்தினார்கள். என் தங்கை முன்பக்கம் போனாள். கல்யாணத்துக்கு முன்பு அவள் சுரங்கத்தில் நிலக்கரி லாரி ஓட்டியவள். ஓட்டுநரின் இருக்கைக்கு அடியில் கையை விட்டு, சக்கரம் கழற்றும் இரும்புத் தடியை எடுத்தாள். அவன் முழங்காலில் ஒரே போடு. அவன் கீழே விழுந்த இடத்தில் அவள் உட்கார்ந்தாள்.

"அவரை ஏத்து அண்ணே!"

ஒரோஸ்பையை உள்ளே தள்ளி நானும் ஏறினேன். "என் நோயாளியை எங்கடா கொண்டு போறீங்க!" என்று சாகினாலி பின்கதவில் தொற்றினார். அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டே சூரா அம்மாவும் ஏறிவிட்டார். சிவப்புக் கயிறு, பலகை, வேலி, இயக்குநரகத்தின் வாசல் வளைவு எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு வண்டி கணவாய்ச் சாலையில் ஏறியது.

உள்ளே அடிதடி நின்றபாடில்லை. ஒரோஸ்பையின் தோளைச் சாகினாலி ஓர் உதையில் பொருத்தினார். அப்படிப் பொருத்துவது கசாப்புக்கடை வேலை என்று சூரா அம்மா அவர் காதைக் கடித்தார். ஆலோசகர் எழுந்து, "இது கடத்தல்" என்றார். இருவருமாகச் சேர்ந்து அவரை அடித்துப் படுக்க வைத்தார்கள். அவர்கள் சேர்ந்து செய்த முதல் வைத்தியம் அதுதான்.

பனி கொட்ட ஆரம்பித்தது. பூருல் வலி வரும்போதெல்லாம் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து ஒரு மாடு மாதிரி அலறுவாள். அடங்கியதும் கியரைப் போடுவாள். ஒற்றைப் பாறை வளைவு வந்தது. எங்களுக்குத் தெரியும் அது எது என்று. வண்டி வழுக்கியது.

"நிறுத்தும்மா, குழந்தை வந்திருச்சு போல, நிறுத்து" என்றார் சூரா அம்மா.

"இங்க இல்ல" என்றாள் என் தங்கை. "இங்க பெத்துக்க மாட்டேன். செத்தாலும் இங்க நிறுத்த மாட்டேன்."

ஒரோஸ்பை, அந்தப் பேசத் தெரியாத மனிதன், ஒற்றைக் கையால் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, "ஓட்டு பூருல். நீ ஓட்டு" என்று சொல்லிக்கொண்டே வந்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வளைவைத் தாண்டி, கணவாயின் உச்சியில், சமதளத்தில் நிறுத்தினாள். பிறகுதான் சாய்ந்தாள். ஆலோசகரைப் படுக்கையிலிருந்து உருட்டிவிட்டு அவளைக் கிடத்தினோம். சாகினாலி விளக்கைப் பிடித்தார். சூரா அம்மா அவள் கையைப் பிடித்தார். சூடேற்றும் கருவி உறுமிக்கொண்டிருந்தது. பையன் பிறந்தான், அலறினான். தொப்புள்கொடியை யார் வெட்டுவது என்று இருவரும் மறுபடி கத்தரியைப் பிடுங்கிக்கொள்ள, நான் இடுப்பிலிருந்த கத்தியை வோட்காவில் கழுவி அறுத்துவிட்டேன். வழியில் பிறந்தவன் என்பதால் ஜோல்சுபெக் என்று பெயர் வைத்தோம். நான் அழுதேன், ஒரோஸ்பை அழுதான், ஆலோசகரும் அழுதார், அவர் எதற்கு என்று தெரியவில்லை.

இத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆலோசகர் தலைநகருக்குப் போய், கணவாயின் உச்சியில் ஒரு மருத்துவமனை சிறிது நேரம் வெற்றிகரமாக இயங்கி, பின்னர் முறைப்படி மூடப்பட்டதாக அறிவித்தார். ஆக, எங்கள் ஊருக்கு மூன்றாவது முன்னாள் மருத்துவமனை கிடைத்தது. இயக்குநரகம் அங்கே ஒரு கிளை திறந்தது. இஷென்பையின் மச்சினன் அதற்குத் தலைவர். யாரும் மறுபடி ஓட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்று ஆம்புலன்ஸின் நான்கு சக்கரங்களையும் கழற்றி, உச்சியிலேயே கற்கள் மேல் ஏற்றி வைத்து, பக்கத்தில் பளிங்குப் பலகை நட்டார்கள்.

கோடையில் பலகை திறப்பு விழா. எங்கள் எல்லோருக்கும் அழைப்பு. பூருல் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு வந்தாள். கைப்பை ஒன்றும் கொண்டு வந்திருந்தாள், கனமாக.

இஷென்பை முகமெல்லாம் பல்லாக வரவேற்றார். "வாம்மா வா! இனிமே கடைசி நோயாளி நீதான். உள்ளே படுத்து, அன்னிக்கு அலறினியே, அதே மாதிரி அலறணும். குழந்தையைக் கொஞ்சம் கிள்ளிக்கலாம். அப்புறம் ஒரு விஷயம். கதைக்குச் சோகம் பத்தலேன்னு ஆலோசகர் நினைக்கிறார். அந்த முதல் குழந்தை செத்துச்சே, அந்த வளைவு. அதையும் இந்த ஆஸ்பத்திரியோட சேர்த்துக்கிட்டா, பிரசவ வார்டு ஒண்ணு, பிணவறை ஒண்ணுன்னு ரெண்டு பிரிவு காட்டலாம். இன்னும் நாலு பேரை வேலைக்கு எடுக்கலாம்."

 என் தங்கை பையைத் திறந்து அந்தச் சக்கரம் கழற்றும் தடியை எடுத்து அவர் மூக்கில் அடித்தாள். கோழி எலும்பு உடைகிற மாதிரி ஒரு சத்தம். ரத்தம் பளிங்குப் பலகை மேல் பீறிட்டது.

 சாகினாலியும் சூரா அம்மாவும் குனிந்து, ஆளுக்கொரு பக்கமாக மூக்கைப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து முதன்முறையாக ஒத்துப்போனார்கள்.

"ஒடஞ்சிருச்சு" என்றார் சாகினாலி.

"உள்ளே வரைக்கும் ஒடஞ்சிருச்சு" என்றார் சூரா அம்மா. "ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்."

"வண்டி... வண்டியை எடுங்கய்யா..." என்று இஷென்பை ரத்தத்துக்கு நடுவில் குளறினார். எல்லோரும் வண்டியைப் பார்த்தோம். கல் மேல் அழகாக நின்றது. மச்சினன் பழக்கதோஷத்தில் தொப்பியைக் கழற்றி மௌன அஞ்சலிக்கு நின்றுவிட்டான். அவனைப் பார்த்துக் கூட்டமே எழுந்து நின்றது.

மௌனம் முடிந்ததும் நான் என் வேலையைச் செய்தேன். அண்டாவிலிருந்து ஆட்டுத் தலையை எடுத்துத் தட்டில் வைத்து, இரண்டு கையாலும் இஷென்பையிடம் நீட்டினேன். "ஊரின் கடைசி நோயாளிக்கு" என்றேன். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது, மறுத்தால் மரியாதை இல்லை. வாங்கிக்கொண்டார். மூக்கு ரத்தம் ஆட்டுத் தலை மேல் சொட்டச் சொட்ட, வழக்கப்படி காதை அறுத்து, எதிரே பூருலின் முதுகில் இருந்த குழந்தையிடம் நீட்டினார்.

ஜோல்சுபெக்குக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. பூருல்தான் வாங்கித் தின்றாள், அவரைப் பார்த்துக்கொண்டே, நிதானமாக மென்று.